மாற்றி மாற்றிச் சுமந்தவர்கள்

நான் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகருக்குப் போய் இறங்கியது 2014 ஆகஸ்டில். கோவையில் வேளாண்மை படித்துவிட்டு, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பயிர் மரபியலில் ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். வந்த மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, ஆய்வகத்துக்கு நடந்து போகப் புறப்பட்டவன் பாதி வழியில் நின்றுவிட்டேன். முந்தைய நாள் வரை மாணவர்கள் மட்டும் நடமாடிய புல்வெளிகளில் கூடாரங்கள் முளைத்திருந்தன. மூன்று தலைமுறைகளாகக் குடும்பங்கள் சிவப்புச் சட்டையில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தன. பல்கலைக்கழகத்தின் சான்ஃபோர்டு மைதானத்தில் 92,746 பேர் உட்காரலாம் என்பதையும், அன்று அது நிறைந்து வழியப் போகிறது என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் பல்கலைக்கழகம் கிளெம்சன் அணியை 45-21 என்று வென்ற அந்த ஆட்டத்தில், என்னைப் போலவே ஏதென்ஸுக்குப் புதிதாக வந்திருந்த சில இளைஞர்கள் முதன்முறையாகக் கல்லூரிச் சீருடையில் இறங்கினார்கள். அடுத்த நான்கு ஆண்டுகள் அவர்களும் நானும் ஒரே ஊரில் இருந்தோம். அவர்களில் ஒருவரிடமும் நான் ஒரு சொல் பேசியதில்லை. ஆனாலும் அந்த நகரத்தில் என் ஆண்டுகளை நான் நினைவுகூர்வது அவர்களுடைய காயங்களையும் வெற்றிகளையும் வைத்துத்தான்.

இந்த ஆட்டத்தை எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் ஆய்வகத்தின் மூத்த உதவியாளர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர், பிறந்ததிலிருந்து அதே மாநிலத்தில் வாழ்பவர். ஆட்டக்காரர்களை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவே மாட்டார், எண்ணைத்தான் சொல்வார். இருபத்தேழு என்றால் நிக் சப். ஒன்று என்றால் சோனி மிஷெல். ஏழு, லொரென்சோ கார்ட்டர். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் காலால் உதைப்பது அரிது என்பதே எனக்கு அப்போது வியப்பாக இருந்தது. பதினொருவர் அணி, நூறு கெஜ நீளக் களம், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்ற அடிப்படைக் கணக்கை விதை எண்ணும் தட்டின் மேல் கோதுமை மணிகளை அடுக்கி விளக்கினார். ரன்னிங் பேக் என்ற இடத்துக்கு வந்தபோது மட்டும் மணிகளை விட்டுவிட்டுத் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணியின் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர் அவர். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் யாரோ ஒருவர், பல வேளைகளில் மூவர் நால்வர், அவரை மோதித் தரையில் சாய்ப்பார்கள். சுமப்பவனுக்குத்தான் அடி என்றார்.

ஓர் அணிக்குள் ஒரே ஆண்டில் சேர்பவர்களை நம் ஊர்க் கல்லூரிகளில் 'பேட்ச்' என்கிறோம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் கூடுதல் எடை உண்டு. அந்நாளைய விதிகளின்படி ஓர் அணி மொத்தம் 85 பேருக்குத்தான் முழு உதவித்தொகை தர முடியும். ஓர் ஆண்டில் புதிதாக 25 பேரை எடுக்கலாம். அப்போதெல்லாம் பிப்ரவரியின் முதல் புதன்கிழமை, நாடெங்கும் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் தாங்கள் சேரும் கல்லூரிக்கு உறுதிக் கடிதத்தில் கையெழுத்திடுவார்கள். 2014இல் அந்த நாள் பிப்ரவரி 5. அதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளர்கள் அவர்களுடைய வீடுகளுக்கு நடையாய் நடந்திருப்பார்கள். தாய்மார்கள் வைத்த விருந்தை உண்டிருப்பார்கள். மார்க் ரிக்ட் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜார்ஜியாவுக்கு அன்று கையெழுத்திட்டவர்களிடையே, ஒருவரை ஒருவர் அறிந்தே இராத ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் இருந்தார்கள்.

நிக் சப், மாநிலத்தின் வடமேற்கில் உள்ள சீடர்டவுன் என்ற சிற்றூர்க்காரர். அவருடைய குடும்பப் பெயரை ஒரு குடியிருப்பே தாங்கி நிற்கிறது. 1860களில், அடிமைமுறை இன்னும் ஒழிந்திராத காலத்தில், அடிமைகளாக இல்லாத கறுப்பினக் குடும்பம் ஒன்று பக்கத்து ஃபிளாய்டு மாவட்டத்தில் நிலம் வாங்கி, ஆலையும் கடையும் தேவாலயமும் எழுப்பி உருவாக்கிய ஊர் அது. பெயர் சப்டவுன். 1916இன் வெள்ளம் அதன் பெரும்பகுதியை அழித்தது. தேவாலயமும் பெயரும் எஞ்சின. அந்த வழியில் வந்தவர் நிக். அவர் அதிகம் பேசமாட்டார். பேட்டிகளில் அவருடைய விடைகள் ஒரு வரியைத் தாண்டுவது அரிது. சோனி மிஷெல் தெற்கு ஃபுளோரிடாக்காரர், ஹெயிட்டியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். பள்ளி நாள்களில் சப்பைவிட மிஷெலுக்குத்தான் ஆட்ட மதிப்பீட்டாளர்கள் உயர்ந்த இடம் கொடுத்திருந்தார்கள். லொரென்சோ கார்ட்டர் அட்லாண்டாவை ஒட்டிய நார்க்ராஸிலிருந்து வந்தவர், தற்காப்பு அணியின் விளிம்பில் நின்று, எதிரணியின் ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர். அவர்களோடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஐசையா வின் வந்தார். முன்வரிசையில் நின்று ஓட்டக்காரர்களுக்கு வழி திறப்பது அவர் வேலை. அட்லாண்டாவை ஒட்டிய டக்கரிலிருந்து டொமினிக் சாண்டர்ஸ் வந்தார். எதிரணி எறியும் பந்துகளை இடைமறிப்பதில் பல்கலைக்கழகத்தின் உச்ச எண்ணிக்கையான 16ஐ அவர் நான்கு ஆண்டுகளில் எட்டிப்பிடித்தார்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் புரியாத புதிராக இருந்தது சப், மிஷெல் இருவரின் நிலைதான். இருவருக்கும் ஒரே இடம். பொதுவாகக் களத்தில் ஒரு நேரத்தில் ஒரு ரன்னிங் பேக்தான் பந்தைச் சுமப்பார். ஒருவர் ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் மற்றவருக்குக் கிடைக்காத ஓட்டம். கெஜக் கணக்கு, பரிசுகள், பின்னாளில் தொழில்முறை அணிகள் தரப்போகும் பணம் எல்லாம் அந்த ஓட்டங்களின் எண்ணிக்கையில் அடங்கியிருந்தன. ஒரே ஆண்டில் அப்படி இருவரை எடுத்தால் ஒருவர் பொறுமையிழந்து வேறு கல்லூரிக்குப் போய்விடுவார் என்பதே அந்த விளையாட்டின் வழக்கம். போதாததற்கு, அவர்களுக்கு மூத்தவராக டாட் கர்லி என்ற அசாத்தியமான ஓட்டக்காரர் அப்போது அணியில் இருந்தார்.

எங்கள் முதல் அக்டோபரிலேயே எல்லாம் குலைந்தது. கையொப்பமிட்ட பொருள்களுக்காக 3,000 டாலருக்கு மேல் பெற்றார் என்று கர்லி விலக்கி வைக்கப்பட்டார். மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரால் ஒரு காசும் ஈட்டக்கூடாது என்ற விதி அப்போது இருந்தது. மிஷெல் தோளில் அடிபட்டு வெளியே இருந்தார். மற்றொரு மூத்தவருக்கும் காயம். மிசூரி மாநிலத்துக்குப் போன அணியில் முழுச் சுமையையும் தாங்க முதலாண்டு மாணவரான சப் ஒருவரே எஞ்சியிருந்தார். அக்டோபர் 11ஆம் நாள் அவர் 38 முறை பந்தைச் சுமந்தார். 143 கெஜம், ஜார்ஜியா 34-0 என்று வென்றது. திங்கட்கிழமை ஆய்வகத்தில் அந்த 38 என்ற எண்ணை உதவியாளர் இரண்டு மூன்று முறை சொன்னார். பதினெட்டு வயதுப் பையனை 38 முறை தரையில் சாய்த்திருக்கிறார்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் அந்த எண் எனக்கு உறைத்தது. அந்தப் பருவத்தை சப் 1,547 கெஜங்களோடு முடித்தார்.

அடுத்த ஆண்டு அக்டோபர் 10. எதிரணி டென்னசி, இடம் நாக்ஸ்வில்லின் நேலண்ட் மைதானம். அதுவரை சப் தொடர்ந்து பதின்மூன்று ஆட்டங்களில் நூறு கெஜத்தைத் தாண்டியிருந்தார், ஜார்ஜியாவின் பெரும் நாயகரான ஹெர்ஷல் வாக்கருக்குச் சமமாக. தன் முதல் ஓட்டத்தில் பக்கக் கோட்டருகே அவர் இடது கால் புல்லில் ஊன்றி நிற்க, உடல் வேறு பக்கம் திரும்பியது. அந்தக் காட்சியை நான் மறுபடி பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன். முழங்காலைப் பிடித்து நிறுத்தும் தசைநார்களில் மூன்று அறுந்திருந்தன. அவரை ஏற்றிச் சென்ற வண்டி களத்தைவிட்டு நீங்கிய பின், மிச்ச ஆட்டம் முழுவதும் பந்து மிஷெலிடம் போயிற்று. அவர் 145 கெஜம் ஓடினார். ஆட்டத்தில் 38-31 என்று தோற்றோம். ஆனால் அந்த ஆண்டின் எஞ்சிய நாள்களில் அணியின் ஓட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர் மிஷெல்தான். பருவ முடிவில் அவர் கணக்கில் 1,161 கெஜம் இருந்தது.

நவம்பர் இறுதியில் ரிக்ட் பதவி இழந்தார். பதினைந்து ஆண்டுகள் அங்கே இருந்தவர். பிள்ளைகளைத் தேடிப்போய் அழைத்துவந்த மனிதர் கிளம்பிவிட்டால், அவரை நம்பி வந்தவர்களுக்கு அந்த ஊரோடு என்ன கட்டு இருக்கிறது? புதிதாக வந்த கர்பி ஸ்மார்ட் அதே பல்கலைக்கழகத்தில் ஆடியவர், அலபாமாவின் தற்காப்பு அணியைப் பல ஆண்டுகள் நடத்தியவர், கண்டிப்புக்குப் பெயர்போனவர். 2014ஆம் ஆண்டுப் பிள்ளைகளை அவர் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. அவர்களும் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. சப் அந்தக் குளிர்காலத்தை நடை பழகுவதில் கழித்தார். 2016 ஜூலையில், நான்கு சக்கர மணல்வண்டி விபத்தில் மிஷெலின் முன்கை முறிந்தது. இப்போது முறை மாறியது. செப்டம்பர் 3, அட்லாண்டா, நார்த் கரோலினாவுக்கு எதிரான முதல் ஆட்டம்: மிஷெல் ஆடவில்லை, பதினோரு மாதங்களுக்கு முன் முழங்கால் கிழிந்த சப் 32 முறை சுமந்து 222 கெஜம் ஓடினார். உதவியாளர் மறுவாரம் என் மேசையில் வந்து சாய்ந்துகொண்டு, ஒன்று விழுந்தால் இருபத்தேழு எழுந்துவிடுகிறது, இருபத்தேழு விழுந்தால் ஒன்று எழுந்துவிடுகிறது என்றார். அதன்பின் அவர் அதைத் தன் பல்லவியாகவே ஆக்கிக்கொண்டார்.

ஆனால் 2016 நல்ல ஆண்டாக அமையவில்லை. டென்னசியிடம் கடைசி நொடியில் எறியப்பட்ட பந்தில் தோற்றோம். சொந்த மைதானத்தில் வாண்டர்பில்ட்டிடம் ஒரே புள்ளியில் தோற்றோம். ஜார்ஜியா டெக்கிடமும் ஒரே புள்ளியில். எட்டு வெற்றி, ஐந்து தோல்வி. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆனவர்கள் தொழில்முறை லீக்குக்குப் போகலாம் என்பது விதி. எங்கள் பேட்சுக்கு அந்த மூன்று ஆண்டுகள் நிறைந்துவிட்டன. போய்விடுவார்கள் என்றே ஊர் எண்ணியது. போவதுதான் அறிவுடைமை என்று நானும் எண்ணினேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ரன்னிங் பேக்கின் உடல் மழையில் கரையும் மண்சுவரைப் போன்றது. ஒரு பருவத்தில் இருநூறு முறை மோதுண்டால் அந்த இருநூறும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். முப்பதை எட்டும்முன் பெரும்பாலானோரின் தொழில் முடிந்துவிடுகிறது. அந்நாளில் கல்லூரியில் கூடுதலாக ஓராண்டு ஆடுவது என்றால், உதவித்தொகையைத் தவிர வேறு ஊதியம் இல்லாமல் அந்தச் சுவரின் ஒரு பங்கைக் கரைய விடுவது என்று பொருள். அதே டிசம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லெனர்ட் ஃபோர்னெட்டும் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மக்காஃப்ரியும், தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வு நெருங்குவதால் தங்கள் கல்லூரியின் இறுதி ஆட்டத்தைக்கூட ஆடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவர்கள் செய்தது முழுக்க நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த நியாயம் கண்முன்னே இருந்த அதே மாதத்தில்தான் சப், மிஷெல், கார்ட்டர் மூவரும், அவர்களுக்கு ஓராண்டு மூத்த பேட்சைச் சேர்ந்த டேவின் பெலமியும், 2017லும் ஜார்ஜியாவில் ஆடுவோம் என்று அறிவித்தார்கள். வின்னும் சாண்டர்ஸும் தங்கினார்கள்.

ஏன் தங்கினார்கள் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். முழங்கால் முழுவதும் ஆறாத நிலையில் சப்பின் சந்தை மதிப்பு குறைந்திருந்தது என்பது ஒரு விளக்கம். பட்டப்படிப்பை முடிக்கும் ஆசை இன்னொன்று. இவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நால்வரும் சேர்ந்தாற்போல அந்த முடிவுக்கு வந்ததை இந்தக் காரணங்கள் விளக்குவதில்லை. மூன்று ஆண்டுகளாக ஒருவர் சுமையை மற்றவர் வாங்கிச் சுமந்தவர்கள், பாதியில் இறக்கி வைத்துவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை என்பதே என் புரிதல். எட்டு வெற்றியும் ஐந்து தோல்வியும் தங்கள் பெயருக்கு எதிரே கடைசி வரியாக நிற்பதை அவர்கள் விரும்பவில்லை.

2017இன் முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக் ஜேக்கப் ஈசன் காயமுற்று, ஜேக் ஃபிரோம் என்ற முதலாண்டு மாணவர் அந்த இடத்துக்கு வந்தார். அடுத்த வாரமே, செப்டம்பர் 9ஆம் நாள், இந்தியானா மாநிலத்தில் நோட்டர் டேமுக்கு எதிரே ஆடவேண்டியிருந்தது. ஜார்ஜியா ரசிகர்கள் வடக்கே படையெடுத்துப் போய், அந்தப் பழம்பெரும் மைதானத்தில் ஒரு பெரிய பகுதியைச் சிவப்பாக்கிவிட்டார்கள். 20-19 என்று ஒரு புள்ளி முன்னிலையில், ஆட்டம் முடியச் சற்று முன்பு, பெலமி எதிரணிக் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட, அதன் மேல் விழுந்து காப்பாற்றியவர் கார்ட்டர். டிசம்பரில் ஒன்றாகத் தங்க முடிவெடுத்த நால்வரில் இருவர்! ஆய்வகத்தில் அன்று யாரும் இல்லை. முளைப்பாரி அறையின் ஈரத்துக்குள் நின்றுகொண்டு கைப்பேசியில் பார்த்த நான் தனியாகக் கத்தினேன்.

செப்டம்பர் 30 அன்று அணி மறுபடி நாக்ஸ்வில்லுக்குப் போனது. தன் முழங்கால் கிழிந்த அதே புல்தரையில் சப் 109 கெஜம் ஓடினார். டென்னசி 41-0 என்று தோற்றது. ஃபுளோரிடாவை 42-7 என்று வென்ற நாளில் மிஷெல் ஆறே முறை பந்தைத் தொட்டு 137 கெஜம் ஓடினார். இந்த எண்களை நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பருவம் முழுதும் சேர்த்து இருவரும் ஏறத்தாழச் சமமான தூரம் ஓடினார்கள். சப் 1,345, மிஷெல் 1,227. பந்து எனக்கு ஏன் இன்னும் பத்து முறை வரவில்லை என்று ஒருவர் முகம் சுளித்திருந்தால்கூடப் போதும், அது குலைந்திருக்கும். நான்கு ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து ஓடியது 8,407 கெஜம். கல்லூரிக் கால்பந்தின் மேல்தட்டில் ஒரே அணியின் எந்த இருவரும் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. 1979 முதல் 1982 வரை சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் டிக்கர்சனும் கிரெய்க் ஜேம்ஸும் வைத்திருந்த சாதனையை அவர்கள் கடந்தார்கள். சப்பின் 4,769 கெஜம், ஜார்ஜியா ஆடும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான தென்கிழக்கு மாநாட்டின் வரலாற்றில் வாக்கருக்கு அடுத்த இடம். ஓட்டங்களை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்ட ஒருவர் இரண்டாம் இடத்தில் நிற்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

நவம்பரில் ஆபர்னிடம் 40-17 என்று ஓர் அடி விழுந்தது. மூன்று வாரம் கழித்து, மாநாட்டின் இறுதி ஆட்டத்தில் அதே ஆபர்னை 28-7 என்று திருப்பி அடித்தார்கள். 2005க்குப் பிறகு கிடைத்த முதல் மாநாட்டுப் பட்டம் அது. அதன்பின் கலிஃபோர்னியாவின் பாசடீனா.

2018 ஜனவரி 1ஆம் நாள் அங்கே ரோஸ் பௌலில் நடந்த, தேசியப் பட்டத்துக்கான அரையிறுதியை முழுமையாகச் சொல்லாமல் என்னால் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. எதிரணி ஓக்லஹோமா; அதன் குவார்ட்டர்பேக், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசை அந்த ஆண்டு பெற்ற பேக்கர் மேஃபீல்டு. முதல் பாதி முடியுமுன் ஜார்ஜியா 31-14 என்று பின்தங்கியிருந்தது. உதவியாளரின் வீட்டுக் கூடத்தில் அவருடைய மனைவி, மகன், பேரப்பிள்ளைகள், நான் என்று எட்டுப் பேர் இருந்தோம், யாரும் பேசவில்லை. இடைவேளைக்குச் சற்று முன் ராட்ரிகோ பிளாங்கன்ஷிப் 55 கெஜத் தொலைவிலிருந்து உதைத்து மூன்று புள்ளிகளை மீட்டார். மூன்றாம் பகுதியில் சப் 50 கெஜம் ஓடி, பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு டச் டவுன். சிறிது நேரத்தில் மிஷெல் 38 கெஜம் ஓடி இன்னொன்று. 31-31. முதல் பாதியிலேயே அவர் 75 கெஜம் ஓடி ஒன்று அடித்திருந்தார். அவருடைய நாள் அது என்று எல்லோரும் நினைத்தோம்.

நான்காம் பகுதியில், ஆட்டம் 38-38 என்று சமநிலையில் இருந்தபோது, பந்து மிஷெலின் கையிலிருந்து நழுவியது. ஓக்லஹோமாவின் ஸ்டீவன் பார்க்கர் அதை எடுத்துக்கொண்டு 46 கெஜம் ஓடி டச் டவுன் ஆக்கிவிட்டார். 45-38. ஏழு நிமிடங்கூட மீதமில்லை. நான்கு ஆண்டுகள் உழைத்து, பணத்தை விட்டுத் தங்கி, கடைசியில் தன் கையாலேயே எல்லாம் போயிற்று என்ற எண்ணம் அந்த நிமிடங்களில் அவருக்கு வராமல் இருந்திருக்குமா? அடுத்த வாய்ப்பு எளிதில் வரவில்லை. ஒரு முறை பந்தை எதிரணிக்கே உதைத்துக் கொடுக்க நேர்ந்தது. பிறகு மீண்டும் பந்து கிடைத்து, ஃபிரோம் அணியைக் கோட்டின் விளிம்பு வரை கொண்டுபோனார். 55 நொடிகள் இருக்கையில், பந்தைக் குவார்ட்டர்பேக்குக்குத் தராமல் நேராக சப்பின் கைகளுக்கே அனுப்பினார்கள். இரண்டு கெஜம். அவர் உள்ளே புகுந்தார். 45-45.

உதவியாளர் சோபாவிலிருந்து எழுந்து நின்றார். ஒன்று விழுந்தது, இருபத்தேழு எழுந்தது என்று அவர் சொல்லவில்லை; எழுந்து நின்றதே போதுமாக இருந்தது.

ரோஸ் பௌலின் வரலாற்றில் முதன்முறையாகக் கூடுதல் நேரம். முதல் சுற்றில் இரு அணிகளும் உதைத்து மூன்று மூன்று புள்ளிகள் எடுத்தன. இரண்டாம் சுற்றில் ஓக்லஹோமா 27 கெஜத்திலிருந்து உதைக்கவேண்டியிருந்தது. ஆஸ்டின் சைபர்ட் அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர். வரிசையின் நடுவிலிருந்து ஒரு நீண்ட கை மேலே எழுந்தது. பந்து அதில் பட்டு விழுந்தது. கை லொரென்சோ கார்ட்டருடையது. இப்போது ஜார்ஜியா எந்த வழியிலாவது புள்ளி எடுத்தால் போதும். தங்கள் முறையின் இரண்டாவது முயற்சியில், சற்று முன் சப்புக்குச் செய்ததைப் போலவே, பந்தை நேராக மிஷெலின் கைகளுக்கு அனுப்பினார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் பந்தை நழுவவிட்டவரின் கைகளுக்கு! இடப்பக்க விளிம்பைச் சுற்றி அவர் ஓடினார். 27 கெஜம். யாரும் அவரைத் தொடவில்லை. 54-48.

சமன் செய்தவர், தடுத்தவர், முடித்தவர் மூவரும் 2014 பிப்ரவரி 5 அன்று ஒரே பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்திட்டவர்கள். அன்றைய நாளின் மொத்தக் கணக்கில் சப் 145 கெஜம், மிஷெல் 181. உதவியாளரின் பேத்தி என் தோள்மேல் ஏறியிருந்தாள். நான் எதற்காக அழுகிறேன் என்று அவள் கேட்டாள். எனக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அட்லாண்டாவில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் அலபாமாவிடம் 26-23 என்று கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். இடைவேளையில் 13-0 என்று முன்னிலையில் இருந்தவர்கள். அலபாமா இடைவேளைக்குப் பின் இறக்கிய முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவா, பெலமியும் ஜானதன் லெட்பெட்டரும் தன்னைப் பதினாறு கெஜம் பின்னே தள்ளி வீழ்த்திய மறு முயற்சியிலேயே, 41 கெஜத் தொலைவுக்கு எறிந்து ஆட்டத்தை முடித்தார். சப்பை அன்று அலபாமாவின் முன்வரிசை கட்டிப்போட்டுவிட்டது: 18 முறை சுமந்து 25 கெஜம். மிஷெல் 98 கெஜம் ஓடினார். 1980க்குப் பிறகு தேசியப் பட்டம் வராத ஊர் அது, அன்றும் வரவில்லை. இதற்குமேல் அந்த இரவைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அந்த ஏப்ரலில் தொழில்முறைத் தேர்வு நடந்தது. ஐசையா வின்னை 23ஆவதாகவும் சோனி மிஷெலை 31ஆவதாகவும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எடுத்தது. வழி திறந்தவரும் அந்த வழியில் ஓடியவரும் முதல் சுற்றிலேயே ஒரே அணிக்குப் போனார்கள். சப்பை 35ஆவதாக கிளீவ்லாண்டு பிரௌன்ஸ் எடுத்தது. அதே அணி முதலாவதாக எடுத்திருந்தவர் பேக்கர் மேஃபீல்டு. பாசடீனாவில் தாங்கள் அழவைத்தவரிடமிருந்து சப் இனி பந்தை வாங்கவேண்டும். கார்ட்டர் மூன்றாம் சுற்றில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்குப் போனார். தங்கியதால் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று அன்று ஊரே மகிழ்ந்தது.

2019 பிப்ரவரி 3ஆம் நாள் தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல், அதே அட்லாண்டா மைதானத்தில். பேட்ரியட்ஸும் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸும். வின் குதிகால் தசைநாண் அறுந்து அந்தப் பருவம் முழுதும் வெளியே இருந்தார். ராம்ஸின் ஓட்டக்காரர், 2014இல் எங்கள் பேட்சுக்கு மூத்தவராக இருந்த டாட் கர்லி. பேட்ரியட்ஸின் நடுவரிசையில் பந்தை எடுத்துக் கொடுத்தவர் டேவிட் ஆண்ட்ரூஸ், அவரும் 2014 ஜார்ஜியா அணிக்காரர். 13-3 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு டச் டவுன்தான் விழுந்தது. இரண்டு கெஜம் ஓடி அதை அடித்தவர் மிஷெல். பதின்மூன்று மாதங்களுக்கு முன் தலைகுனிந்து வெளியேறிய களத்தில்! நான் அப்போது ஆய்வை முடித்து வடக்கே வேறொரு நகருக்கு வேலைக்கு வந்துவிட்டிருந்தேன். தொலைபேசியில் உதவியாளரை அழைத்தேன். இருவருக்கும் பேச்சு வரவில்லை; வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தோம்.

2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு திறந்தது. 2021இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலை முதல் தங்கள் பெயரால் அவர்கள் பணம் ஈட்டவும் முடிந்தது. கர்லியைத் தண்டித்த விதி போனதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்தப் பிள்ளைகளின் உழைப்பில் மற்றவர்கள் மட்டும் செழித்த காலம் அநீதியானது. ஆனால் இரண்டு பெரிய ஓட்டக்காரர்கள் ஒரே பேட்சில் சேர்ந்து, பயிற்சியாளர் மாறிய பின்னும், காயங்களின் ஊடேயும், நான்கு ஆண்டுகள் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டு ஆடுவது இனி மிக அரிது. ஜார்ஜியா 2022 ஜனவரியில் அலபாமாவை 33-18 என்று வென்று அந்த நாற்பத்தொரு ஆண்டுத் தாகத்தைத் தீர்த்தது. மறு ஆண்டும் வென்றது. அந்த அணிகளின் சிறப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது தோற்றுப்போன 2017 அணியின் ஆட்டங்களைத்தான்.

சப் எப்படிப்பட்டவர் என்று கேட்பவர்களுக்கு 2020 நவம்பரில் ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தைச் சொல்வேன். ஆட்டம் முடியும் தறுவாயில், முன்னே யாருமற்ற களத்தில் 59 கெஜம் ஓடியவர், டச் டவுனுக்கு ஒரு கெஜம் இருக்கையில் தாமாகவே பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனார். புள்ளி எடுத்தால் எதிரணிக்குப் பந்து போகும். எடுக்காமல் நின்றால் நேரம் ஓடி வெற்றி உறுதியாகும். தன் கணக்கில் சேரவேண்டியதை விட்டுக்கொடுக்க அவர் ஏதென்ஸில் நான்கு ஆண்டுகள் பழகியவர்.

2023 ஜூலையில் மிஷெல் ஓய்வை அறிவித்தார், 28 வயதில். இரண்டு சூப்பர் பௌல் பட்டங்களோடு அவர் உடல் போதும் என்றது. இரண்டு மாதம்கூட முழுதாக நகரவில்லை. செப்டம்பர் 18, பிட்ஸ்பர்க். சப்பின் இடது முழங்கால், நாக்ஸ்வில்லில் கிழிந்த அதே முழங்கால், மறுபடி கிழிந்தது. தொலைக்காட்சியினர் அந்தக் காட்சியை மீண்டும் காட்ட மறுத்துவிட்டார்கள். இரண்டு அறுவை மருத்துவங்கள் நடந்தன. பணி ஓய்வு பெற்றுவிட்ட உதவியாளர் அன்றிரவு எனக்கு ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. முன்பெல்லாம் இருபத்தேழு விழுந்தால் எழுவதற்கு ஒன்று இருந்தது.

பதின்மூன்று மாதங்கள் கழித்து, 2024 அக்டோபர் 20ஆம் நாள், கிளீவ்லாண்டில் சின்சினாட்டிக்கு எதிராக சப் மீண்டும் களம் இறங்கினார். கெஜக் கணக்கு சொல்லும்படி இல்லை. ஒரு கெஜத் தொலைவிலிருந்து ஒரு டச் டவுன் அடித்தார். அப்போது பிரௌன்ஸில் அவர் எண் 24. கல்லூரி எண்ணை அவர் அணிந்து ஆறு பருவங்கள் கடந்துவிட்டன. என் கைப்பேசி ஒளிர்ந்தது. எழுபதை நெருங்கும் அந்த மனிதர் நடுங்கும் விரலால் ஒரே வரி அனுப்பியிருந்தார்: இருபத்தேழு எழுந்துவிட்டான்.